பிராசஸருக்கு வைத்த பொட்டு

எங்கள் குடும்பத்தில் முப்பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி தன் சம்பளத்தில் அம்மாவுக்குக் காப்பு வாங்கலாம். புதுச் சலவை இயந்திரம் வாங்கலாம். அடுக்களையைப் பின்பக்கம் இழுத்துக் கட்டலாம். இதையெல்லாம் நான் செய்தும் இருக்கிறேன், யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. விளையாடுவதற்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கப்போகிறேன் என்று சொன்ன அன்றுதான் ஊரே கூடிவிட்டது. ஊர் என்றால் என் அண்ணன். அவர் ஒருவரே ஊருக்குச் சமம்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. புக்கிட் செலம்பாவில் நானும் அம்மாவும் இருக்கும் மலிவு விலை வீட்டுக்கு அண்ணன் ஞாயிறுதோறும் மத்தியானம் சாப்பிட வருவார். அவர் வீடு அடுத்த வரிசையில்தான். அண்ணி தன் அம்மா வீட்டுக்குப் போகும் நாள் என்பதால் நமக்கு இந்தப் பாக்கியம். அண்ணன் பாலிங் பக்கமிருந்து ரப்பர் ஏற்றிவரும் லாரி ஓட்டுகிறார். சக்கரம் உள்ளது, சக்கரம் இல்லாதது என்று எந்த இயந்திரத்தைப் பற்றியும் அவருக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. நான் சொன்னதும் கையிலிருந்த கோழித்துண்டு வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது.

"யாருக்கு?"

"எனக்கு."

"எதுக்கு?"

"வெளையாட."

"வேலைக்கா? ஃபேக்டரியில கேக்கறாங்களா?"

"வெளையாடன்னு சொன்னேன்லா அண்ணே. காது கேக்கலையா?"

அம்மா ரசத்தை ஊற்றிவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார். அம்மாவின் வழக்கம் அது. சிடாம் கிரி பக்கத்து ரப்பர் தோட்டத்தில் முட்டி தேயும்வரை பால் வெட்டியவர். அண்ணன் பேசினால் அம்மா பேசமாட்டார், நான் பேசினாலும் பேசமாட்டார். யார் பக்கம் என்று இத்தனை வருடத்தில் எனக்குப் பிடிபட்டதில்லை.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சுங்கை பட்டாணியில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் பதினெட்டு வருடமாக லென்ஸுக்குக் கீழே சர்க்யூட் போர்டுகளைப் பார்க்கிறேன். எந்தப் பின் வளைந்திருக்கிறது, எங்கே ஈயம் ஒட்டவில்லை என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடுவதுதான் வேலை. வளைந்த பின்னை நிமிர்த்துவதும் என் மேசையில்தான். நான் சரிபார்த்து அனுப்பிய போர்டுகளை வைத்து உலகத்தில் யார் யாரோ விளையாடுகிறார்கள். நான் விளையாடினால் மட்டும் வீட்டுக்கு ஆகாதாம்.

விளையாட்டு எனக்கு நேற்றுத் தொற்றிய பழக்கமில்லை. இருபத்திரண்டு வயதில் ஃபேக்டரி பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது மழைக்கு ஒரு சைபர் கஃபேயில் ஒதுங்கினேன். சும்மா உட்காரக்கூடாது என்று கடைக்காரர் முறைத்ததால் ஒரு மணி நேரத்துக்குக் காசு கட்டினேன். மழை விட்டது, பஸ் போனது, நான் எழுந்திருக்கவில்லை. பிறகு எல்லாரும் வீட்டுக்குள் அடைந்துகிடந்த அந்த மாதங்களில், ஏதோ அலுவலகம் கழித்துப்போட்ட பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கினேன். வேலைக்கென்று வீட்டில் நினைத்துக்கொண்டார்கள். ஐந்து பேர் ஓரணியாக நின்று எதிரணி ஐந்து பேரைச் சுடும் விளையாட்டு. என் அணியில் ஜொகூர் நர்ஸ் ஒருத்தி, ஈப்போவில் கடை வைத்திருக்கும் ஒரு மனிதர், இன்னும் இரண்டு பேர். பழைய கம்ப்யூட்டர் சரியாகச் சுடவேண்டிய நேரத்தில் உறைந்து நிற்கும். திரும்ப உயிர் வரும்போது நான் செத்துக்கிடப்பேன், என்னால் அணியும் தோற்றிருக்கும். யாரும் திட்டியதில்லை. திட்டாமல் இருந்ததுதான் அதிகம் உறுத்தியது.

ஆகவே இரண்டு மாதம் ஃபேக்டரி பஸ்ஸில் உட்கார்ந்து படித்தேன். வீடியோ பார்த்தேன். ஃபேக்டரி கொடுத்த டைரியில் பாகம் பாகமாக எழுதினேன், அடித்தேன், திரும்ப எழுதினேன். என் கையில் இருந்தது நடுத்தரப் பணம். ஆனை விலை குதிரை விலை விற்பதையெல்லாம் வேடிக்கைதான் பார்க்கலாம். இருக்கும் பணத்தை எங்கே கொட்டுவது, எங்கே இறுக்கிப் பிடிப்பது என்பதில்தான் புத்தி இருக்கிறது. படத்தை ஓடவைப்பது கிராபிக்ஸ் கார்டு, அதனால் பெரும்பங்கு அதற்கு. பிராசஸரில் ஒரு தலைமுறை பின்னால் போனேன். புதுசுக்குப் போனால் மதர்போர்டும் ராம் மெமரியும் விலை ஏறும், என் விளையாட்டுக்கு அந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. பவர் சப்ளையில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது என்று அடிக்கோடு போட்டேன். இடி இடித்தால் எங்கள் தாமான் குடியிருப்பில் விளக்கு கண்ணடிக்கும். கரண்டை வாங்கி உள்ளே பிரித்துக் கொடுக்கும் சாமான் மட்டமாக இருந்தால் மற்ற எல்லாம் அதோடு சேர்ந்து போகும். கேஸிங், அதாவது எல்லாவற்றையும் உள்ளே வைக்கும் பெட்டி, கறுப்புத் தகரம் போதும். கண்ணாடி வேண்டாம், கலர் விளக்கு வேண்டாம், காற்று போனால் சரி.

கடைக்கு அண்ணனும் வந்தார். நான் கூப்பிடவில்லை. பெண்ணாகத் தனியாகப் போனால் கடைக்காரன் ஏமாற்றிவிடுவானாம். எங்கள் பக்கம் இது ஒரு எழுதாத சட்டம். மிக்ஸி வாங்குவதற்குக்கூட ஒரு ஆண்பிள்ளை கூட வந்து அதைத் தட்டிப் பார்க்கவேண்டும். எதற்குத் தட்டுகிறார்கள் என்று தட்டுகிறவர்களுக்கும் தெரியாது.

சுங்கை பட்டாணியில் மாடியில் இருக்கும் கடை. சீனக் கடைக்காரர், என் வயதுதான் இருக்கும். என்னைப் பார்த்து மலாயில், "மகன் என்ன கேம் விளையாடுகிறான்?" என்று கேட்டார்.

"சாயா யாங் மாயின்," என்றேன். விளையாடுவது நான்தான் என்று.

அவர் அண்ணனைப் பார்த்துச் சிரித்தார். அண்ணனும் சிரித்தார். அதற்குப் பிறகு கால்மணி நேரம் அவர்கள் இருவரும் பேசிக்கொண்டார்கள், பணம் என் பையில் இருந்தது. கடைசியில் அண்ணன் ஒரு கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் போய் நின்றுவிட்டார். உள்ளே நாலு காற்றாடி, ஒவ்வொன்றிலும் சிவப்பும் பச்சையும் நீலமும் சுற்றின. தைப்பூசத்து ரதம் தோற்றுவிடும். எல்லாம் பூட்டித் தயாராக இருக்கும் பேக்கேஜ், விலையும் என் கணக்குக்குள்தான் வந்தது.

"பாப்பா, இத எடு. பாத்தாலே தெரியுது, பவரு."

முப்பத்தொன்பது வயதிலும் நான் அவருக்குப் பாப்பாதான். கடைக்காரரிடம் மலாயில் கேட்டேன். உள்ளே இருக்கும் பவர் சப்ளை எந்தத் தரம்? எத்தனை வருட வாரண்டி? கிராபிக்ஸ் கார்டின் மெமரி எவ்வளவு? அவர் தாளைப் பார்த்தார். பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். பவர் சப்ளைக்குப் பெயரே இல்லை, கார்டு நான் எழுதி வைத்திருந்ததைவிட இரண்டு படி கீழே. மிச்சக் காசெல்லாம் கண்ணாடிக்கும் விளக்குக்கும் போயிருந்தது. நான் டைரியை மேசைமேல் விரித்தேன். அவர் வரிவரியாகப் படித்தார், ஒரு இடத்தில் தலையாட்டினார். பிறகு நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு என்னிடம் பேச ஆரம்பித்தார். அண்ணன் விளக்குகளைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

சும்மாவே பூட்டித் தருகிறேன் என்றார் கடைக்காரர். வேண்டாம், நானே பூட்டிக்கொள்கிறேன் என்றேன். அவர் பிராசஸர் பெட்டியைக் கையில் எடுத்து, இதன் அடியில் இருக்கும் பின் ஒன்று வளைந்தாலும் வாரண்டி கிடையாது, மாற்றித் தரமாட்டேன், பிறகு என்னைக் குறை சொல்லாதீர்கள் என்றார். அது நியாயம்.

அண்ணனுக்குத்தான் பொறுக்கவில்லை. படியிறங்கும்போதே ஆரம்பித்தார்.

"நீயே பூட்டி பாசாங் பண்ணப் போறியா? அது என்ன, சட்டைக்குப் பட்டன் தைக்கிற மாதிரியா?"

"ஆமா, அந்த மாதிரிதான்."

"அடுத்த ஞாயிறு வர்றேன். ஓடலைன்னா எல்லாத்தையும் குடுத்த வெலைக்கு வித்துட்டு, அந்த லைட்டு வச்சத எடுக்கற. அத ஹால்ல வச்சு எல்லாரும் படம் பாக்கலாம். சரியா?"

"சரி."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன் என்று அப்போது தோன்றவில்லை. வாரம் முழுக்க வேலை, ஞாயிறு காலையில் நிதானமாகப் பூட்டலாம் என்று பெட்டிகளை என் அறையில் அலமாரிமேல் அடுக்கி வைத்தேன். பயப்படுவதற்கு என்ன இருக்கிறது, என் கை எனக்குத் தெரியாதா என்ற திமிர் இருந்தது. ஓடாவிட்டால் ஹாலில் எல்லாருக்குமான பெட்டி. அதிலும் எனக்கு ஓர் ஓரம் கிடைக்கும், அவர்கள் பார்த்து முடித்த பிறகு. அந்த ஓரம் எனக்கு வேண்டியதில்லை.

ஞாயிறு காலை அம்மா கீரை வாங்கப் போயிருந்தார். நான் அடுக்களை மேசையைத் துடைத்து, மதர்போர்டுப் பெட்டியைத் திறந்தேன். போர்டின் மூலையில் ஒரு குங்குமப் பொட்டு.

ராமைத் திறந்தேன். இரண்டு துண்டிலும் ஆளுக்கொரு பொட்டு. பவர் சப்ளையில் மூன்று பட்டையாக விபூதி. கிராபிக்ஸ் கார்டின் இரண்டு காற்றாடியின் நடுவிலும் சந்தனம் வைத்து அதற்குமேல் குங்குமம். எனக்குச் சிரிப்புதான் வந்தது. எங்கள் வீடுகளில் புதுச் சாமான் எது வந்தாலும் முதல் வெள்ளிக்கிழமை சாமி மேடைக்கு முன்னால் வைத்துப் பொட்டு வைத்துச் சூடம் காட்டாமல் தொடமாட்டார்கள். மோட்டார் சைக்கிள், குளிர்பெட்டி, தண்ணீர் வடிகட்டும் குழாய்வரைக்கும் எல்லாவற்றுக்கும் ஆகியிருக்கிறது. வெள்ளிக்கிழமை நான் வேலையில் இருந்தபோது அம்மா ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் பூசை போட்டு, எடுத்த மாதிரியே மூடி வைத்திருக்கிறார்.

பிராசஸர் பெட்டியைத் திறந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அதன் பளபளப்பான முதுகில் கட்டைவிரல் அகலத்துக்குச் சந்தனம், நடுவில் குங்குமம். திருப்பிப் பார்த்தேன். ஆயிரத்துக்கும் மேல் பின் இருக்கும் இடத்தில் ஒரு மூலை மட்டும் மழைக்குச் சாய்ந்த நெல்லாகக் கிடந்தது.

அம்மா கீரைக்கட்டோடு உள்ளே நுழையும்போது நான் கத்தினேன். இப்போது எழுதும்போது கூச்சமாக இருக்கிறது, ஆனால் கத்தத்தான் செய்தேன்.

"யாரு ஒன்னய இதத் தொடச் சொன்னா? பூசை போடணும்னா பெட்டிக்குப் போட்டிருக்கலாம்லா?"

"பெட்டிக்கு வச்சா பெட்டிக்குத்தான?" என்றார் அம்மா, ஒன்றும் புரியாமல். "ஒங்கண்ணன் மோட்டாருக்கு டாங்கிலதான வச்சேன். அது வழுவழுன்னு இருந்துச்சு, சந்தனம் ஒட்டல. தாம்பாளத்துல வச்சு லேசா அழுத்துனேன்."

பித்தளைத் தாம்பாளத்தில், பின்கள் கீழே இருக்க, மேலிருந்து கட்டைவிரல். என்ன நடந்தது என்று எனக்குக் கண்முன்னே தெரிந்தது.

"எல்லாத்தையும் எதுக்கு அழுத்தணும்? ஏன்மா இப்படி?"

"நீ ஒனக்குன்னு வாங்குன மொத புதுச் சாமான்டி," என்றார். "ஒன்னு விடாம வைக்கணும்னு நெனச்சேன்."

கீரையை மேசையில் வைத்துவிட்டு அப்படியே நின்றார். கோபம் போகவில்லை. அது பாட்டுக்கு இருந்தது, அதற்குப் பக்கத்திலேயே இன்னொன்றும் வந்து உட்கார்ந்தது. யார் பக்கம் என்று தெரியாது என்றேனே, அந்த மனுஷி ஐந்து பெட்டியையும் பிரித்து என் பக்கத்தைக் குங்குமத்தால் எழுதி வைத்திருக்கிறார்.

அந்த நேரம் பார்த்துத்தான் அண்ணன் வந்தார். மேசையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், பிராசஸரை எட்டிப் பார்த்தார்.

"என்ன, ஒடச்சிட்டியா?"

அம்மா வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டேன்.

"என் கை பட்டுருச்சு."

"நான் அப்பவே சொன்னேன்!" அண்ணனின் குரலில் தீபாவளியே இருந்தது. "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இந்த வேலைன்னு சொன்னேனா இல்லையா? கெளம்பு, இப்பவே கடைக்குப் போவோம். மிச்ச சாமானையாவது விக்கலாம்."

பல்லைக் கடித்துக்கொண்டேன். என் கையை, பதினெட்டு வருடமாக ஒரு பின்னைக்கூட ஒடிக்காத என் கையை, அவர் குறை சொல்ல நான் கேட்டுக்கொண்டு நின்றது இதுவரை யாருக்காகவும் செய்யாதது.

"சாப்ட்டுட்டுத் தூங்குங்க அண்ணே. ஞாயித்துக்கெழம இன்னும் முடியல."

ஃபேக்டரிக்குள் சொந்தச் சாமான் ஒரு திருகாணிகூடக் கொண்டுபோக முடியாது, காவலர் விடமாட்டார். அதனால் அடுக்களைதான் என் மேசை. இரண்டு மில்க் டின்னை நிறுத்தி, குறுக்கே கைப்பேசியைப் படுக்கவைத்து, கேமராவைப் பெரிதாக்கினேன். அதுதான் லென்ஸ். புது பிளேடு ஒன்று, தையல் ஊசி ஒன்று. பஞ்சில் ஆல்கஹால் தொட்டுச் சந்தனத்தைத் துடைத்தேன். வளைந்தவை பதினொன்று. அதில் ஒன்று முழுதாகப் படுத்துவிட்டது.

வளைந்த பின்னைப் பற்றி எங்கள் லைனில் எல்லாருக்கும் தெரிந்த ஒன்று உண்டு. ஒரு தடவை நிமிர்த்தலாம். அதிகமாக நிமிர்த்திவிட்டுத் திரும்ப வளைத்தால் அடியில் சோர்ந்துபோகும். மூன்றாவது தடவை கையோடு வந்துவிடும். எனவே அவசரப்பட்டால் போச்சு. பிளேடின் முதுகை இரண்டு வரிசைக்கு நடுவில் விட்டு, மூச்சை அடக்கி, ஒரு மயிரளவு. பிறகு கையை எடுத்து, மூச்சு விட்டு, பார்த்து, இன்னும் ஒரு மயிரளவு.

அம்மா கேட்காமலே டார்ச்சைக் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்து வெளிச்சம் பிடித்தார். கறிச்சோறு சாப்பிட்ட அண்ணன் ஹால் சோபாவில் குறட்டை விட்டார். படுத்துக் கிடந்த அந்தக் கடைசிப் பின்னுக்கு மட்டும் முக்கால் மணி நேரம் ஆனது. ஊசியை அதன் கீழே விட்டுத் தூக்கும்போது அம்மா கண்ணை மூடிக்கொண்டதைப் பார்த்தேன். டார்ச் மட்டும் அசையவில்லை.

இந்த வகைப் பிராசஸரை அதன் குழியில் வைக்கும்போது அழுத்தவே கூடாது. எல்லாப் பின்னும் நேராக இருந்தால் தன் எடையிலேயே இறங்கும். ஒன்று கோணினாலும் மேலேயே நிற்கும். வைத்தேன். நின்றது. விரலைக் கொண்டுபோகாமல் போர்டின் ஓரத்தை லேசாகத் தட்டினேன். சொட்டென்று உள்ளே போய் உட்கார்ந்தது. பூட்டு நெம்புகோலை மடக்கிவிட்டு நாற்காலியில் சாய்ந்தபோதுதான் முதுகு வலிப்பது தெரிந்தது.

மற்றதெல்லாம் ஒரு மணி நேர வேலை. பிராசஸரைத் தவிர வேறு எதிலும் பொட்டை நான் அழிக்கவில்லை. காற்றாடியின் நடுவில் இருந்ததும் அப்படியே. பட்டனை அழுத்தினேன். காற்றாடி சுற்றியது. திரை கறுப்பு.

எழுந்து வந்த அண்ணன் பின்னால் நின்று, "ஓடலயா?" என்றார். முதல் தடவை ராமைப் பரிசோதித்துக்கொள்ள நேரம் எடுக்கும் என்று படித்திருந்தேன். படித்தது வேறு, அந்தக் கறுப்பை உட்கார்ந்து பார்ப்பது வேறு. ஒரு நிமிடத்துக்கு மேலானது. அண்ணன் கார்ச் சாவியைத் தேட ஆரம்பித்திருந்தார். அப்போது திரையில் வெள்ளை எழுத்து வந்தது. பிராசஸரின் பெயர், ராமின் அளவு, எல்லாம் சரி.

அண்ணன் குனிந்து பெட்டியைச் சுற்றிப் பார்த்தார். எங்கேயாவது குறை கிடைக்காதா என்று.

"லைட்டே இல்லையே," என்றார்.

நான் சிரித்த சிரிப்பு அடுத்த வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

கம்ப்யூட்டர் என் அறையில் இருக்கிறது, ஹாலில் இல்லை. இரண்டு வாரம் கழித்து ஒரு மாலை நான் அணியோடு ஆட்டத்தில் இருந்தேன். சரிசமமாகப் போய்க்கொண்டிருந்தது, கடைசிச் சுற்று. என் பக்கத்தில் மூன்று பேர் செத்து, நானும் அந்த ஜொகூர் நர்ஸும்தான் மிச்சம். எனக்குப் பின்னால் கட்டிலில் அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தார். அண்ணன் கோயில் கமிட்டி ஆட்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்திருப்பது செருப்புச் சத்தத்தில் தெரிந்தது.

"பாப்பா, மூணு தண்ணி கலக்கு!" என்று ஹாலிலிருந்து குரல் வந்தது. தண்ணி என்றால் தேநீர். எத்தனை வருடக் குரல் அது. என் இடதுகை தன்னால் ஹெட்போனைக் கழற்றப் போய்விட்டது, நாற்காலியும் பாதி தள்ளியாகிவிட்டது.

அம்மா மடித்த துணியைக் கீழே வைக்கவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை. இந்த வீட்டில் அண்ணனுக்கு அவர் பதில் சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

"அவ வெளையாடுறா. சீனி மேல் தட்டுல இருக்கு, நீயே கலக்குடா."